மாயாவிக்குச் சாவு உண்டா? வேதாளர் வம்சத்தின் கணக்கு

கேள்வி இதுதான்: "சின்ன வயதில் ராணி காமிக்ஸில் மாயாவியைப் படித்தபோது அவருக்குச் சாவே கிடையாது என்று நம்பினேன். இப்போது பார்த்தால் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று 21 பேர் வரிசையாக அந்த உடையைப் போட்டிருக்கிறார்களாம். அப்படியென்றால் அது ஆளா, பதவியா? ஃப்ளாஷ், ஸ்பைடர்மேன் என்று வாரிசு ஹீரோக்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?"

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் தமிழ் வாசகர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு ஆள். அது பிரிட்டிஷ் படக்கதை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். நீங்கள் கேட்பது ஊதா உடையும் மண்டையோட்டு மோதிரமும் போட்டு, ஹீரோ என்ற வெள்ளைக் குதிரையில், டெவில் என்ற ஓநாயோடு காட்டில் வருகிறவர். ஆங்கிலத்தில் ஃபேன்டம். ராணி காமிக்ஸ் அவருக்கு மாயாவி என்றே பெயர் வைத்தது. முத்து, லயன் வாசகர்களுக்கு அவர் வேதாளர். நான் வேதாளர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

சுருக்கமான பதில்: பதவிதான். ஆனால் அது பதவி என்பது வெளியே தெரிந்துவிட்டால் அந்தக் கணமே செல்லாக்காசாகிவிடும் பதவி. மற்ற வாரிசு ஹீரோக்களிடமிருந்து இவரைப் பிரிப்பது இந்த ஒரு விஷயம்தான்.

கதை 1536இல் தொடங்குகிறது. ஒரு கப்பல் தலைவரும் அவர் மகனும் வரும் கப்பலைச் சிங் கொள்ளையர்கள் தாக்குகிறார்கள். அந்தத் தலைவர் சிறுவயதில் கொலம்பஸின் கப்பலில் எடுபிடிப் பையனாக இருந்தவர் என்று ஒரு கொசுறு வேறு. தந்தை கொல்லப்படுகிறார், மகன் பங்கல்லா என்ற கற்பனை நாட்டின் கரையில் ஒதுங்குகிறான். பந்தர் என்ற குள்ளர் இன மக்கள் அவனைக் கண்டெடுத்துப் பிழைக்க வைக்கிறார்கள். பிறகு ஒருநாள் கரையில் ஒரு பிணம் ஒதுங்குகிறது. அப்பாவின் உடையை அணிந்திருக்கிறது. கொன்றவன்தான் அது. கழுகுகள் தின்றுவிட்டுப் போன பிறகு அந்த மண்டையோட்டைக் கையில் ஏந்தி மகன் சபதம் எடுக்கிறான்: கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி இவற்றை ஒழிக்கவே தன் வாழ்க்கை, தனக்குப் பிறகு தன் மகன்களும், அவர்களுடைய மகன்களும் இதே வேலையைத் தொடர்வார்கள்.

பிறக்காத பிள்ளைகள் தலையிலும் சேர்த்துக் கட்டிய சபதம் அது. நம் ஊரில் அப்பா வாங்கிய கடன் பிள்ளை தலையில் விழும் என்பார்கள். இங்கே முப்பாட்டன் வாங்கிய கடன் 400 வருடம் கழித்தும் தீரவில்லை.

உடை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விவரம். பந்தர் மக்கள் அப்போது வசாக்கா என்ற இனத்தாரிடம் அடிமைகளாக இருந்தார்கள். அந்த வசாக்காக்கள் பயந்து கும்பிட்ட ஒரு பிசாசு உருவம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் முதல் வேதாளர் தன் உடையை உண்டாக்கிக்கொண்டார். எதிரியின் பயத்தையே தைத்துப் போட்டுக்கொண்டார் என்று வையுங்கள். அந்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்தின் முதலீடு அந்தப் பயம்தான்.

இத்தனை அழகாகப் பொருந்துகிற இந்த வம்சக் கதையை, ஃபேன்டமைப் படைத்த லீ ஃபாக் முதலில் யோசித்து வைக்கவே இல்லை. மந்திரவாதி மேண்ட்ரேக்கை 1934இல் கொண்டுவந்தவர் அவர்தான். 1936 பிப்ரவரி 17 அன்று ரே மூரின் சித்திரங்களோடு நாளிதழ்களில் ஃபேன்டம் தொடங்கியபோது, ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார இளைஞன்தான் முகமூடிக்குள் இருக்கிறான் என்று காட்டுவது அவருடைய திட்டம். பகலில் சொகுசுப் பையன், இரவில் முகமூடி வீரன். பின்னால் பேட்மேனில் வந்த அதே மாதிரி. முதல் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கைவிட்டு, ஆளைக் காட்டுக்குள் கொண்டுபோய், தலைமுறை தலைமுறையாக வருகிறவர் என்று மாற்றிவிட்டார். பாவம் ஜிம்மி, கதையில் ஒரு ஓரத்தில் நின்றுபோனான். சூப்பர்மேன் வந்தது 1938இல், பேட்மேன் 1939இல். அவர்களுக்கு முன்பே, பாதிக் கதையில் தோன்றிய யோசனையாக, வாரிசு ஹீரோ வந்தாயிற்று.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 1536இலிருந்து 1936 வரை 400 வருடம். அதற்குள் 20 பேர் வந்து போய்விட்டார்கள். ஆளுக்குச் சராசரியாக 20 வருடம். அப்படியென்றால் எவருக்கும் கிழப்பருவம் என்று ஒன்று வாய்த்திருக்க வாய்ப்பு குறைவு. இருபது சொச்சத்தில் உடையை மாட்டி, உடனே கல்யாணம் செய்து, ஒரு ஆண் பிள்ளை பிறந்து வளர்ந்து தோளுக்கு வரும் நேரத்தில் யாரோ ஒருவன் கத்தியிலோ குண்டிலோ போய்ச் சேர வேண்டும். இதைச் சிறுவயதில் நாம் யோசித்ததே இல்லை. ஒவ்வொரு கதையின் ஆரம்பத்திலும் வம்ச வரலாற்றை இரண்டு மூன்று கட்டங்களில் ஃபாக் திரும்பத் திரும்பச் சொல்லுவார். நாமோ அந்தக் கட்டங்களைத் தாண்டிவிட்டுச் சண்டைப் பக்கத்துக்கு ஓடினோம். நானும் அப்படித்தான். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பழைய புத்தகத்தைத் திருப்பும்போதுதான் அந்த இரண்டு கட்டங்களில் எத்தனை சாவு இருக்கிறது என்பது உறைத்தது.

21ஆவது ஆளைக் கிட்டத்தில் பார்ப்போம், நாம் படித்ததெல்லாம் பெரும்பாலும் இவரைத்தானே. பெயர் கிட் வாக்கர். மண்டையோட்டுக் குகையில் பிறந்து வளர்ந்த பையனைப் படிப்புக்காக அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில் என்ற ஊருக்கு, உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே படிப்பிலும் விளையாட்டிலும் முதல் ஆள். டயானா பால்மரோடு காதல். எந்த வேலைக்குப் போனாலும் கொடிகட்டிப் பறந்திருக்கலாம். அப்போது காட்டிலிருந்து செய்தி வருகிறது: அப்பாவுக்கு முதுகில் கத்திக்குத்து, பிழைக்க மாட்டார். போனால் திரும்பி வந்து சாதாரண வாழ்க்கை வாழ முடியாது என்று அவனுக்குத் தெரியும். போகிறான். மரணப் படுக்கையில் அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்கிறான். குகைக்குள் முன்னோர்கள் வரிசையாக அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் 20ஆவது ஆளும் சேர்கிறார். வெளியே காட்டில் யாருக்கும் எந்தச் சேதியும் போவதில்லை. துக்கம் விசாரிக்க ஆள் கிடையாது, ஈமச் சடங்கைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது. செத்தவர் சாகவே இல்லை என்பதுதான் காட்டின் கணக்கு.

மறுநாள் அந்த இளைஞன் வெளியே வரும்போது அவன் "புதியவன்" என்று யாருக்கும் தோன்றக் கூடாது. அதே உடை, அதே மோதிரம், அதே குரல். தன் அப்பா பத்து வருடத்துக்கு முன் அடித்த ஒருவன் எதிரே வந்தால், "என்னை ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்கிற தோரணை வேண்டும். மோதிரக் கை குத்தியதில் பதிந்த மண்டையோட்டு முத்திரை அவன் தாடையில் அழியாமல் இருக்கும். முத்திரையைப் பதித்த கைதான் மாறிவிட்டது. முகத்தைப் பார்த்தவர்கள் கோரமாகச் சாவார்கள் என்று ஒரு காட்டுப் பழமொழி உண்டே, அது வெறும் மிரட்டல் என்று நினைத்தோம். யோசித்துப் பாருங்கள், அது நிர்வாக ரகசியம். முகம் தெரிந்தால் வயது தெரியும், வயது தெரிந்தால் வம்சம் தெரியும்.

குகைக்குள் இன்னொன்று இருக்கிறது: வேதாளர் குறிப்பேடுகள். ஒவ்வொருவரும் தான் செய்ததைத் தன் கையாலேயே எழுதி வைக்க வேண்டும். அலெக்சாண்டரின் வைரக் கோப்பை மாதிரி பொக்கிஷங்கள் அங்கே கிடந்தாலும், என்னைக் கேட்டால் சொத்து அந்தக் குறிப்பேடுகள்தான். எந்தத் தீவில் எந்தக் கொள்ளைக்காரனை எந்த முப்பாட்டன் மடக்கினார் என்று தெரியாவிட்டால், 400 வயது ஆளாக எப்படி நடிப்பது? ஃபாக்குக்கும் இது பெரிய வசதி. நிகழ்காலத்தில் சரக்கு தீர்ந்தால் ஒரு குறிப்பேட்டை எடுத்துப் பிரிப்பார். 6ஆவது ஆளோ 13ஆவது ஆளோ குதிரையில் கிளம்பிவிடுவார்.

அந்த 6ஆவது ஆள் தொடங்கியதுதான் காட்டு ரோந்துப் படை. இது இன்னும் விசேஷம். படைக்குத் தளபதி யார் என்பது படையில் ஒருவருக்கும் தெரியாது. தலைமையகத்தில் ஒரு இரும்புப் பெட்டகம். அதற்குள் தளபதியின் உத்தரவு காகிதத்தில் வந்து கிடக்கும். பாழுங்கிணறு வழியாகச் சுரங்கத்தில் வந்து, கீழேயிருந்து பெட்டகத்துக்குள் காகிதத்தை வைத்துவிட்டுப் போகிறவர் வேதாளர். தளபதி மாறினாலும் கையெழுத்து மாறியதா என்று பார்க்கக்கூட அங்கே ஆள் இல்லை போலிருக்கிறது. (இதைச் சிறுவயதில் கேட்டதற்கு என் அண்ணன், "படக்கதையில் கேள்வி கேட்டால் புத்தகத்தைப் பிடுங்கிவிடுவேன்" என்றான்.)

சரி, மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷுக்கு வருவோம். அங்கே வாரிசு என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடக்கிறது. முதல் ஃப்ளாஷ் ஜே கேரிக் 1940இல் வந்தார். 1956இல் வந்த பேரி ஆலன், ஜே கேரிக்கின் படக்கதையைப் படித்துவிட்டு அதிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டவர், வாசகனே வாரிசாகிவிட்டான். 1959இல் சிறுவனாக அறிமுகமான வாலி வெஸ்ட், 1985இல் பேரி உயிர்விட்ட பிறகு அந்த உடைக்குள் போகிறான். அவனுடைய பிரச்சினையே ஊர் முழுக்க "நீ பேரி இல்லை" என்று சொல்லுவதுதான். 1993இல் மார்க் வெய்ட் எழுதிய தொடரில் அது உச்சத்துக்குப் போகிறது: பேரியைவிட வேகமாக ஓடிவிட்டால் பேரியின் இடத்தைப் பறித்ததாக ஆகிவிடுமோ என்ற பயமே வாலியின் காலைக் கட்டிப் போட்டிருந்தது. 2011இல் வந்த ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலஸும் அப்படித்தான். முந்தைய ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் செத்தது எல்லோருக்கும் தெரியும்; அதே உடையில் புதிதாக ஒருவன் வந்தால் கேள்வி கேட்காமல் விடுவார்களா?

வாலியும் மைல்ஸும் தாங்கள் யார் என்று நிரூபிக்க வேண்டும். கிட் வாக்கர் தான் யாருமே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். முன்னதில் ஜெயித்தால் கைதட்டல் கிடைக்கும். பின்னதில் ஜெயித்தால், நீ ஜெயித்தாய் என்பதே யாருக்கும் தெரியாது. அவர் செய்த நல்லது எல்லாம் அப்பா, தாத்தா கணக்கோடு சேர்ந்து, காடு அவருக்கு வைத்த "நடமாடும் ஆவி" என்ற பெயரில் ஒரே பேரேட்டில் வரவாகும். அதனால்தான் நகரத்துக்குப் போகும்போது மேல்கோட்டும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் "திரு. வாக்கர்" என்று உலவுகிற காட்சிகள் எனக்குப் பிடிக்கும். அந்தக் குடும்பப் பெயரிலும் "நடப்பவர்" என்ற பொருளே ஒளிந்திருக்கிறது. சொந்தப் பெயரிலும் ஆவியை விட முடியவில்லை மனுஷனுக்கு.

ரகசியம் தெரிந்தவர்கள் பந்தர் மக்களும், குடும்பமும், மிகச் சிலரும். அப்புறம் வாசகர்களாகிய நாம். பந்தர்கள் 400 வருடமாக வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். அவர்கள் தலைவர் குரானும் தன் முன்னோரிடமிருந்து வாங்கிய வேலையைத்தான் செய்கிறார். உண்மையில் இரண்டு வம்சங்கள் சேர்ந்து நடத்தும் நாடகம் இது. மேடையில் நிற்பவருக்கு மட்டும் பெயர் கிடைத்தது. குரான்களின் வரிசையை எண்ணி யாரும் "இத்தனையாவது குரான்" என்று தலைப்பு போடவில்லை.

இந்த இடத்தில் கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்து கரையொதுங்கிய வெள்ளைக்காரரின் பிள்ளைகள், பிறப்பை மட்டுமே தகுதியாக வைத்துக்கொண்டு, 400 வருடமாக ஒரு காட்டு மக்களுக்குக் காவலராகவும் நீதிபதியாகவும் இருக்கிறார்கள். அவர்களோ இவரைச் சாகாதவர் என்று நம்பிக்கொண்டு இருக்க வேண்டும். இதைக் காலனி காலத்துக் கனவு என்று சொல்லுகிறவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஃபாக்குக்கும் இது உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் ஆசியா மாதிரியும் இந்தியப் பக்கம் மாதிரியும் குழப்பமாக இருந்த நாடு 1960களில் ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்தது. லமாண்டா லுவாகா என்ற கறுப்பின மருத்துவர் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதியாக வந்தார். ஜனநாயகம் வந்த நாட்டில் பரம்பரைக் காவலர் எதற்கு என்ற கேள்வியை மட்டும் கதை கேட்கவே இல்லை.

நம் நாட்டுக்கு வந்தபோது நடந்த ஒட்டுவேலை தனி வேடிக்கை. 1964 மார்ச்சில் இந்திரஜால் காமிக்ஸ் முதல் இதழிலேயே ஃபேன்டம்தான். தமிழிலும் வந்தது. பங்கல்லாவுக்கு அப்போதிருந்த "பெங்காலி" என்ற பெயரை அப்படியே விட்டால் நம் வங்காளத்தோடு குழம்பும் என்று அதை "டெங்காலி" ஆக்கினார்கள். சிங் கொள்ளையர்கள் "சிங்கா" ஆனார்கள். அப்பாவைக் கொன்ற ராமா, "ராமாலு" ஆனான். பந்தர் என்றால் இந்தியில் குரங்கு என்பதையும் சேர்த்து யோசித்தால், ஒரு அமெரிக்கர் வரைபடத்தைப் பார்த்துக் காதில் விழுந்த பெயர்களை அள்ளிப் போட்டதும், நம் பதிப்பாளர்கள் அதைத் துடைத்துத் துடைத்து எடுத்ததும் புரியும். டெங்காலியை நிஜ நாடு என்று நினைத்துப் பள்ளிக்கூட அட்லஸில் தேடியவர்களில் நானும் ஒருவன்.

சபதத்தில் "மகன்கள்" என்றுதானே இருக்கிறது, மகள்கள்? ஃபாக் இதற்கு ஒரு ஜன்னலைத் திறந்து பார்த்தார். 17ஆவது வேதாளரால் வெளியே வர முடியாமல் போன சமயத்தில் அவருடைய சகோதரி ஜூலி உடையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் வந்திருக்கிறாள் என்று குறிப்பேட்டிலிருந்து ஒரு கதை சொன்னார். நன்றாகவே சமாளித்தாள். இருந்தாலும் எண்ணிக்கையில் அவளுக்கு இடமில்லை. அண்ணன் தேறி எழுந்ததும் உடை அவனிடமே போயிற்று. பிறகு 1977இல், 41 வருடக் காதலுக்குப் பின், 21ஆவது வேதாளருக்கும் டயானாவுக்கும் கல்யாணம் ஆயிற்று. 1979இல் இரட்டைக் குழந்தைகள்: கிட், ஹெலோய்ஸ். ஒரு பையன், ஒரு பெண் என்று பிறக்க வைத்ததே ஃபாக் வேண்டுமென்று போட்ட முடிச்சு என்பது என் ஊகம். பிற்காலக் கதைகளில் ஹெலோய்ஸுக்குத் துணிச்சலும் அவசரமும் கூடுதல். பையன் கொஞ்சம் அடங்கியவன். யாருக்குப் பொருத்தம் என்று வாசகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் ஓட்டு ஹெலோய்ஸுக்குத்தான்.

இன்னொரு வம்சத்தையும் மறக்கக் கூடாது, வரைந்தவர்களுடைய வம்சம். ரே மூரிடமிருந்து வில்சன் மெக்காய்க்குப் போயிற்று. அவர் 1961இல் இறந்த பிறகு சை பாரி ஏற்று 1994 வரை வரைந்தார். நம் தலைமுறை மனதில் இருக்கும் வேதாளர், அந்தக் கட்டுமஸ்தான தோள்களும் நிழல் விழுந்த முகமுமாக, பாரியின் வேதாளர்தான். மெக்காய் படங்களை அடுத்து வைத்துப் பார்த்தால் வேறு ஆள் மாதிரியே இருக்கும். நாம் கவனித்தோமா? இல்லை. காட்டு மக்களைப் போலவே, ஒரே ஆள் என்று நம்பிப் படித்தோம். ஃபாக் மட்டும் 1936இலிருந்து 1999இல் சாகும்வரை, 63 வருடம், எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு தினசரித் தொடரை எழுதும் வேலை டோனி டிபாலிடம் போயிற்று.

டிபால் தொட்டது ஃபாக் கவனமாகத் தள்ளி வைத்த இடத்தை: இந்த 21ஆவது ஆள் எப்படிச் சாகப்போகிறார், 22ஆவது ஆள் வருவாரா, வராமலே வம்சம் முடியுமா? அதைச் சுற்றியே பெரிய தொடர்களை நீட்டினார். 1994இல் வந்த ஒரு கார்ட்டூன் தொடரோ 2040ஆம் ஆண்டுக்குத் தாவி 24ஆவது வேதாளரைக் காட்டியது. ஆனால் தினசரித் தொடரின் கணக்கு அப்படி நகரவில்லை.

அதனால் உங்கள் சின்ன வயது நம்பிக்கையை முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. முன்னால் வந்த 20 பேரும் ஆளுக்குச் சுமார் 20 வருடம் தாங்கினார்கள். "எனக்கும் ஒருநாள் சாவு உண்டு" என்று வாசகர்களிடம் ஒளிவில்லாமல் ஒப்புக்கொண்ட இந்த 21ஆவது ஆள், 1936இலிருந்து அதே குதிரையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். குகையில் அவருக்கான இடம் காலியாகத்தான் கிடக்கிறது.